14 பேர் வேலை செய்யும் ஷெட்டுக்கும் சட்டம் வேண்டும்

நான் பவர் பிரஸ் ரிப்பேர் பார்ப்பவன்; தகட்டை அச்சில் வைத்து அடித்துப் பாகமாக்குகிற மெஷின் அது. கணபதி, ஆவாரம்பாளையம், சின்னவேடம்பட்டி, குறிச்சி சிட்கோ, அந்தப் பக்கம் அரசூர் வரைக்கும் கூப்பிட்டால் போவேன். கிராங்க் ஷாஃப்ட் புஷ் மாற்றுவது, கிளட்ச் சாவி மாற்றுவது, பிரேக் லைனிங் ஒட்டுவது, மேலிருந்து இறங்கி அடிக்கிற ராமின் ஆட்டத்தைச் சரிக்கட்டுவது, இதுதான் என் சோலி. கோயமுத்தூர் மோட்டாரிலும் கிரைண்டரிலும் எந்தக் கம்பெனி பெயர் ஒட்டியிருந்தாலும், உள்ளே இருக்கிற ஸ்டாம்பிங், கிளாம்ப், வாஷர், ஃபேன் கவர் எல்லாம் பெரும்பாலும் ஜாப் ஒர்க் ஷெட்டுகளில் அடித்து வருபவை. நாலு பிரஸ், ஒரு லேத், ஒரு டிரில்லிங் மெஷின், எட்டிலிருந்து பதினெட்டு ஆள். நான் பிழைப்பதே இந்த ஷெட்டுகளால்தான்.

கொஞ்ச நாளாக ஓனர்கள் என்னைப் பார்த்ததும் கேட்கிற கேள்வி ஒன்று இருக்கிறது. "ஏனுங்கண்ணா, இனி நம்ம ஷெட்டு ஃபேக்டரியே இல்லையாமுங்க, நெசந்தானுங்களா?" சந்தோஷமாகத்தான் கேட்கிறார்கள். ஒரு தலைவலி போயிற்று என்கிற சந்தோஷம்.

நிஜம்தான். 2019-லும் 2020-லும் நாடாளுமன்றத்தில் நிறைவேறி ஐந்தாறு வருடம் கிடப்பில் இருந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நான்கும் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தன. அதில் ஒன்று பணியிடப் பாதுகாப்பு பற்றியது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் உட்பட 13 சட்டங்களை அதற்குள் சேர்த்துவிட்டார்கள். பழைய சட்டப்படி கரண்டில் ஓடும் மெஷின் வைத்து 10 பேர் வேலை செய்தால் அது தொழிற்சாலை. புதிய தொகுப்பில் 20 பேர் இருக்க வேண்டும். கரண்ட் இல்லாமல் நடக்கும் இடத்துக்கு 20 ஆக இருந்தது, 40 ஆகிவிட்டது.

இனிமேல் சின்ன ஷெட்டுக்குச் சட்டமே கிடையாது என்று சிலர் பேசுகிறார்கள். அது தப்பு. 10 பேரோ அதற்கு மேலோ இருந்தால் பதிவு செய்ய வேண்டும், ஆபத்தில்லாத இடமாக வைத்திருக்க வேண்டும் என்கிற பொதுவான கடமை ஓனருக்கு உண்டு. ஆனால் தொழிற்சாலை என்ற வகைக்கு மட்டும் இருக்கிற பிளான் அப்ரூவல், லைசென்ஸ் எல்லாம் 14 பேர் ஷெட்டுக்கு இல்லை. மெஷின் எங்கே நிற்கிறது, நடக்க வழி இருக்கிறதா, பெல்ட் பக்கம் மூடியிருக்கிறதா என்று ஆரம்பத்திலேயே ஒரு ஆபீசர் பார்த்துக் கையெழுத்துப் போடும் கட்டம் போய்விட்டது. பழைய சட்டத்தின் 21-ஆம் பிரிவு, ஃபிளைவீல் முதற்கொண்டு சுற்றுகிற ஆபத்தான பாகம் எல்லாவற்றுக்கும் உறுதியான தடுப்பு இருக்க வேண்டும், அது ஓடுகிற நேரம் முழுக்க அதே இடத்தில் இருக்க வேண்டும் என்று சட்டத்துக்குள்ளேயே எழுதி வைத்திருந்தது. புதிய தொகுப்பில் அந்த விவரங்கள் அரசு தனியாக அறிவிக்கும் தர விதிகளுக்குப் போய்விட்டன.

இந்த எண்ணிக்கைக்கு ஒரு வரலாறு உண்டு. நம் நாட்டின் முதல் தொழிற்சாலைச் சட்டம் 1881-ல் வந்தபோது 100 பேர் வேலை செய்யும் இடத்துக்குத்தான் அது பொருந்தும். ஏழு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தையை வேலைக்கு வைக்கக்கூடாது என்று அந்தச் சட்டம் சொல்ல வேண்டியிருந்தது என்றால் அன்றைய நிலைமையைப் பார்த்துக்கொள்ளுங்கள். 1891-ல் 100 என்பது 50 ஆயிற்று. 1922-ல் 20. சுதந்திரம் வந்த மறுவருடம், 1948-ல், 10. கோயமுத்தூரில் ஸ்டேன்ஸ் மில் 1888-ல் வந்தது. 1930-களில் பைக்காரா நீர்மின் நிலையத்துக் கரண்ட் வந்த பிறகு மில்களும் பட்டறைகளும் பெருகின. இந்த ஊர் வளர வளர அந்த எண் கீழே இறங்கிக்கொண்டேதான் வந்திருக்கிறது. சட்டம் அப்படி இறங்கி வந்ததால் இங்கே தொழில் செத்துப்போகவில்லை. 67 வருடம் கீழே இறங்கி வந்த எண்ணை இப்போது மேலே ஏற்றியிருக்கிறார்கள்.

எனக்கு ஏன் இது இவ்வளவு உறுத்துகிறது என்று புரிய வேண்டுமானால் பிரஸ் எப்படி ஓடுகிறது என்று தெரிய வேண்டும்.

சின்ன ஷெட்டுகளில் இருப்பதில் முக்கால்வாசி சாவி கிளட்ச் போட்ட பழைய சி-ஃபிரேம் பிரஸ். பக்கவாட்டில் பெரிய ஃபிளைவீல் மோட்டார் பெல்ட்டில் நிற்காமல் சுற்றிக்கொண்டிருக்கும். கிராங்க் ஷாஃப்ட் சும்மா நிற்கும். காலால் பெடலை மிதித்தால், ஷாஃப்டுக்குள் படுத்திருக்கிற சாவி புரண்டு ஃபிளைவீலைப் பிடித்துக்கொள்ளும். ஷாஃப்ட் ஒரு முழுச் சுற்றுச் சுற்றும். ராம் கீழே வந்து அடித்து, மேலே போய்ச் சேர்ந்த பிறகுதான் சாவி விடும். இவ்வளவும் ஒரு விநாடியில் முடிந்துவிடும். நடுவில் நிறுத்த முடியாது. காலை எடுத்தாலும் ராம் வரும், மெயின் சுவிட்சை ஆஃப் பண்ணினாலும் ஃபிளைவீலின் வேகத்திலேயே வரும்.

சாவி தேயும். அதை மடக்கிவிடுகிற ஸ்பிரிங் தளரும், ஒரு நாள் உடையும். பிரேக் லைனிங்கில் ஆயில் இறங்கினால் ஷாஃப்ட் மேலே நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விடும். இதில் எது நடந்தாலும், மிதிக்காமலே ராம் இன்னொரு தடவை இறங்கும். டபுள் ஸ்ட்ரோக் என்போம். முதல் அடி விழுந்தாயிற்று, அடித்த பீஸை எடுக்கக் கை உள்ளே போகிறது, அப்போது இரண்டாவது அடி விழுகிறது.

விபத்துக்கு அப்புறம் என்னைக் கூப்பிடுகிற இடங்களில் முதலில் காதில் விழுவது, "பையன் கவனமில்லாம கைய உட்டுட்டானுங்க" என்பதுதான். நான் கிளட்ச் கவரைக் கழற்றுவேன். உள்ளே சாவியின் விளிம்பு மழுங்கி வழவழவென்று இருக்கும். ஸ்பிரிங் இரண்டு துண்டாகக் கிடக்கும். அந்தப் பையன் எவ்வளவு கவனமாக இருந்திருந்தாலும் இதே விரல்தான் போயிருக்கும். கவனம் என்பது ஒருவன் தன் கையை எப்போது உள்ளே வைப்பது என்று முடிவு பண்ணுவது. மெஷின் எப்போது இறங்கும் என்பது அவன் கையில் இல்லாதபோது கவனம் என்ன செய்யும்?

இதற்கு மருந்து ரொம்பப் பழையது. டை என்கிற அச்சைச் சுற்றித் தகடும் கம்பியும் வைத்துக் கார்டு, அதாவது தடுப்பு, அடிப்பது. பட்டை போகிற அளவுக்கு மட்டும் முன்னால் ஒரு சந்து, விரல் நுழையாத சந்து. அடித்த பீஸ் தானாகப் பின்னால் விழ ஒரு சரிவு. தனித்தனி பிளாங்காக, அதாவது வெட்டிய தகட்டுத் துண்டாக, வைக்க வேண்டிய வேலையென்றால் இடுக்கி, காந்தக் குச்சி. ஒரு டைக்குக் கார்டு அடிக்கச் சில ஆயிரம் ரூபாய் ஆகும். காற்றழுத்தத்தில் இயங்குகிற ஏர் கிளட்ச்சுக்கு மாற்றுவதென்றால் செலவு லட்சத்தைத் தாண்டும், ஆனால் அதில் ராமைப் பாதி வழியில் நிறுத்தலாம். இரண்டு கையாலும் பட்டன் அமுக்கினால்தான் இறங்குகிற மாதிரி வைக்கலாம், கை குறுக்கே போனால் கண்டுபிடிக்கிற ஒளித்திரையான லைட் கர்ட்டன் போடலாம்.

லைட் கர்ட்டன் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். பெரிய கம்பெனியிலிருந்து ஆடிட் வருகிறது என்று சாவி கிளட்ச் பிரஸ்ஸிலேயே கர்ட்டனை மாட்டி வைத்த இடங்களைப் பார்த்திருக்கிறேன். பச்சை விளக்கு அழகாக எரியும். கை குறுக்கே போனால் சிக்னல் வரும், ஆனால் ராமை நிறுத்த வழியில்லாத மெஷினுக்கு அந்த சிக்னல் எதற்கு? ஏர் கிளட்ச்சில் போட்டாலும் தூரம் கணக்குப் பார்த்துப் போட வேண்டும். கை நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் போகும் என்று எடுத்துக்கொள்வது வழக்கம். ராம் நிற்க 0.15 விநாடி ஆகுமென்றால் டையிலிருந்து 300 மில்லிமீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். ஒரு சாண் தூரத்தில் மாட்டினால் கை முந்திக்கொள்ளும். இதைக் கண்டுபிடிக்க ஸ்டாப் வாட்ச்சும் டேப்பும் வைத்து ஒருவர் நேரில் வந்து பார்க்க வேண்டும். ஆன்லைனில் ஏற்றிய போட்டோவில் பச்சை விளக்கு மட்டும்தான் தெரியும்.

இரண்டு கை பட்டனுக்கு வருகிறேன். சுந்தராபுரம் பக்கம் ஒரு ஷெட்டில் ஏர் கிளட்ச் பிரஸ். இடது பட்டனுக்கு மேல் ஒரு சின்ன மரக்கட்டையை வைத்து இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தார்கள். பட்டன் எப்போதும் அமுங்கியே இருக்கும். வலது கை அடிக்கும், இடது கை உள்ளே போய் பிளாங்க் வைக்கும். டேப்பை உரித்துக் கட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு ஆபரேட்டரைப் பார்த்தேன். பீகார்ப் பையன், இருபது இருபத்தொரு வயது இருக்கும். அரைத் தமிழில் சொன்னான்: "அண்ணா, ரெண்டு கை வெச்சா பீஸ் வராது அண்ணா." பீஸ் ரேட். ஆயிரம் பீஸுக்கு இவ்வளவு என்று கூலி. கட்டை இல்லாமல் அடித்தால் அன்றைக்கு வீட்டுக்கு அனுப்புகிற பணம் குறையும். அடுத்த தடவை போனபோது வேறு கட்டை, வேறு டேப். இரண்டு பட்டனையும் அரை விநாடிக்குள் சேர்த்து அமுக்கினால்தான் வேலை செய்யும், ஒவ்வொரு அடிக்கும் இரண்டையும் விட்டுவிட்டு மறுபடி அமுக்க வேண்டும் என்று ஒரு ரிலே இருக்கிறது. அதை மாட்டினால் கட்டை வைத்துப் பயனில்லை. ஓனரிடம் சொன்னேன். "மாட்டிக்கலாமுங்கண்ணா, இந்த ஆர்டர் முடியட்டும்" என்றார். ஆர்டர் ஒன்று முடிந்தால் இன்னொன்று வந்துகொண்டேதான் இருக்கும்.

அந்த ஓனர் கெட்டவர் இல்லை. பையன்களுக்குக் காய்ச்சல் என்றால் தன் வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறவர். நோம்பிக்குத் துணி எடுத்துத் தருகிறவர். இதை நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் விரல் போவது கெட்டவர்களால் மட்டும் நடக்கிறது என்று நினைத்துக்கொண்டால் சட்டம் எதற்கு என்பது புரியாது.

சின்னவேடம்பட்டியில் ஒரு அக்கா பிரஸ் ஷெட் நடத்துகிறார். வீட்டுக்காரர் போன பிறகு அவரே எடுத்து நடத்துவது. ஒவ்வொரு டைக்கும் கார்டு அடித்து, அதற்கு நம்பர் போட்டு, டையோடு சேர்த்து ரேக்கில் வைத்திருக்கிறார். டை ஏறினால் கார்டும் ஏற வேண்டும். டை செட் பண்ணும்போது ராமுக்குக் கீழே முட்டுக் கொடுக்க ஒரு இரும்புக் கட்டை, அதைச் சங்கிலி போட்டு மெஷினிலேயே கட்டி வைத்திருக்கிறார். அவருக்கு வந்துகொண்டிருந்த ஒரு கிளாம்ப் ஆர்டர் பக்கத்துத் தெரு ஷெட்டுக்குப் போய்விட்டது. பீஸுக்கு ஐந்து பைசா குறைவு. அந்த ஷெட்டுக்கும் நான்தான் ரிப்பேருக்குப் போகிறேன். அங்கே கார்டு சுவரில் ஆணியில் தொங்குகிறது. ஆயுத பூஜைக்கு மெஷின் கழுவக் கழற்றியது, சந்தனம் குங்குமப் பொட்டோடு அப்படியே இருக்கிறது.

அக்கா என்னிடம் சொன்னார்: "அண்ணா, பக்கத்துத் தெருவுலயும் கார்டைப் போடச் சொல்லுங்க. அப்ப நானும் அதே ரேட்டுக்கு நின்னு பாக்கறேன்."

நான் எவ்வளவு எழுதினாலும் இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. நல்ல மனசு உள்ள ஓனர் தனியாக நல்லவராக இருந்தால் ஆர்டர் போகும். எல்லோருக்கும் ஒரே கட்டாயம் என்று அரசு சொன்னால் யாருக்கும் நஷ்டமில்லை, அந்த ஐந்து பைசாவை வாங்குகிற கம்பெனி கொடுத்துத்தான் ஆக வேண்டும். அரசு தனியார் தொழிலில் மூக்கை நுழைக்கக்கூடாது, விட்டுவிட்டால் மார்க்கெட்டே சரிபண்ணிக்கொள்ளும் என்று படித்தவர்கள் எழுதுகிறார்கள். இந்த இரண்டு தெருவில் மார்க்கெட் என்ன சரிபண்ணியது என்று நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கார்டு போட்டவரிடமிருந்து ஆர்டரை எடுத்து, கழற்றியவரிடம் கொடுத்தது.

இன்ஸ்பெக்டர் என்றாலே கவர் கேட்பவர், ரிஜிஸ்டர் எங்கே என்பவர் என்று ஓனர்கள் கொதிப்பார்கள். அந்தக் கோபத்தில் உண்மை இருக்கிறது. சுண்ணாம்பு அடித்த தேதிக்கு ஒரு ரிஜிஸ்டர், லீவுக்கு ஒன்று, ஓவர் டைமுக்கு ஒன்று, வருடக் கணக்கு, லைசென்ஸ் புதுப்பித்தல். 14 பேர் வைத்திருப்பவர் தானே டையும் செட் பண்ணி, டெலிவரிக்கும் போய், இரவில் உட்கார்ந்து இதையெல்லாம் எழுத முடியாது. அதற்கு ஒரு கன்சல்டன்டைப் பிடிப்பார், அவர் மொத்தமாக ஒரு தொகை வாங்கிக்கொள்வார். அந்தப் பணத்தில் நாலு டைக்குக் கார்டு அடித்திருக்கலாம். காகிதத்தைக் குறைத்ததற்காகப் புதிய தொகுப்பை நான் குறை சொல்ல மாட்டேன். எல்லோருக்கும் வேலை நியமனக் கடிதம் கட்டாயம் என்பதும், விபத்து வழக்கில் விதிக்கும் அபராதத்தில் பாதிக்குக் குறையாமல் பாதிக்கப்பட்டவருக்கோ அவர் குடும்பத்துக்கோ கொடுக்கச் சொல்லிக் கோர்ட் உத்தரவிடலாம் என்பதும் நல்ல விஷயங்கள். முன்பு அபராதம் பெரும்பாலும் அரசு கஜானாவுக்குத்தான் போகும்.

ஆனால் நல்ல இன்ஸ்பெக்டர் எப்படி இருப்பார் என்று நான் பார்த்திருக்கிறேன். நான் ஒரு பெரிய பிரஸ் ஷாப்பில் மெயின்டனன்ஸில் இருந்த காலம். ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் வந்தார். ஆபீஸ் ரூமில் உட்காரவில்லை, காபி வேண்டாம் என்றார், நேராக பிரஸ் லைனுக்கு வந்தார். சட்டைப் பையிலிருந்து அரையடி ஸ்டீல் ஸ்கேலை எடுத்து, ஓடாத பிரஸ்ஸின் கார்டு சந்து ஒவ்வொன்றிலும் நுழைத்துப் பார்த்தார். மேலே, கீழே, பக்கவாட்டில், பின்னால் ஸ்கிராப் விழுகிற ஓட்டையில். ஸ்கேலைப் படுக்க வைத்து எவ்வளவு தூரம் போகிறது, நிமிர்த்தி வைத்து எவ்வளவு போகிறது. ஒரு மெஷினில் பின்பக்கம் வழியாக ஸ்கேல் பஞ்ச் வரைக்கும் போயிற்று. மேனேஜரைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக் கேட்டார், "பீஸ் மாட்டிக்கிட்டா ஆபரேட்டர் எந்தப் பக்கமா கைவிட்டு எடுப்பாருங்க?" பின்பக்கமாகத்தான். நான் சொல்லும்போதே ஆபரேட்டர்கள் சிலர் சுற்றி வந்து நின்றுவிட்டார்கள். அன்று சாயங்காலத்துக்குள் அந்த மெஷினின் பின்பக்கம் தகடு அடித்தாயிற்று. அதற்கு முன்னால் அதே தகட்டுக்கு நாங்கள் பொருள் கேட்டு எழுதிக் கொடுத்த இன்டென்ட் ஆபீஸில் படுத்துக்கிடந்தது.

இப்போது ஆய்வாளர் என்பதை ஆய்வாளரும் வழிகாட்டியும் என்று ஆக்கியிருக்கிறார்கள். யாருக்கு எந்த இடம் என்பதைக் கம்ப்யூட்டர் குலுக்கிப் போடும். வழிகாட்டட்டும், வேண்டாமென்று யார் சொன்னது. குலுக்கிப் போட்டால் வேண்டியவர், வேண்டாதவர் என்கிற பேச்சும் குறையலாம். ஆனால் அந்த ஸ்டீல் ஸ்கேலோடு ஒருவர் சின்ன ஷெட்டின் வாசலில் வந்து நிற்க வேண்டும், எப்போது வருவார் என்று ஓனருக்குத் தெரியக்கூடாது. ஆள் போதவில்லை என்றால் ஆளை எடுக்க வேண்டும். ஆள் இல்லாததற்காகப் பார்க்க வேண்டிய இடத்தின் எண்ணிக்கையைக் குறைப்பது நியாயமில்லை.

விரலுக்குச் சட்டத்தில் ஒரு கணக்கு இருக்கிறது. இப்போது புதிய தொகுப்புகளில் ஒன்றுக்குள் சேர்ந்துவிட்ட 1923-ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தின் முதல் அட்டவணை. கட்டைவிரல் முழுதும் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 சதவீதம் இழப்பு. ஆள்காட்டி விரல் முழுதும் போனால் 14. நடுவிரல் 12. மோதிர விரல், சுண்டு விரல் ஒவ்வொன்றுக்கும் 7. எலும்பு போகாமல் ஆள்காட்டி விரல் நுனி மட்டும் துண்டானால் 5. ஒரே கையில் இரண்டு விரல் என்றால் 20. இதை முதன்முதலில் படித்தபோது அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை.

சில வருடம் முன்னால் ஒரு ஷெட்டில் ஒடிசாப் பையன் ஒருவனுக்கு வலது கையில் இரண்டு விரல் போயிற்று. டபுள் ஸ்ட்ரோக். கிளட்ச்சை நான்தான் பிரித்தேன். 22 வயது. அங்கே வேலை செய்தவர்கள் 13 பேர், கணக்கில் 9 பேர். 10 பேர் இருந்தால் இ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் காப்பீடு கட்ட வேண்டும், அதனால் 9. இ.எஸ்.ஐ. இல்லாத இடத்தில் அன்றைய 1923 சட்டப்படி ஓனரே இழப்பீடு தந்திருக்க வேண்டும். மாதச் சம்பளம் 15,000, அதில் 60 சதவீதம், 22 வயதுக்குரிய காரணி 221.37, அதில் 20 சதவீதம். போட்டுப் பாருங்கள், நாலு லட்சத்துக்குச் சற்றுக் குறைவாக வரும். அவனுக்கு ஆஸ்பத்திரிச் செலவும், கையில் கொஞ்சம் பணமும், ஊருக்கு ரயில் டிக்கெட்டும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். புகார் எழுதிக் கொடுக்கலாம் என்று அவன் தங்கியிருந்த ரூமுக்குப் போனேன். முந்தின நாளே கிளம்பிவிட்டதாகச் சொன்னார்கள். 48 மணி நேரத்துக்கு மேல் வேலைக்கு வர முடியாத காயம் என்றால் தொழிற்சாலை ஆபீசுக்குத் தகவல் கொடுத்தாக வேண்டும் என்று பழைய சட்டத்தில் இருந்தது. யாரும் கொடுக்கவில்லை. அரசுப் புள்ளிவிவரத்தில் அந்த இரண்டு விரல் இல்லை.

அந்த 9 பேர் கணக்கு ஒரு ஷெட்டின் கதை மட்டும் இல்லை. ஒரே கூரை, நடுவில் ஒரு தகரத் தடுப்பு. இந்தப் பக்கம் இவர் பெயரில் ஒரு யூனிட், அந்தப் பக்கம் தம்பி பெயரில் ஒன்று, பின்னால் வீட்டம்மா பெயரில் ஒன்று. ஒவ்வொன்றிலும் 9 பேர். எல்லைக்கோடு 10 என்று இருந்தபோதே இப்படி. 20 என்றால் ஒவ்வொன்றிலும் 19 பேர் வைக்கலாம். ஐம்பத்தேழு பேர் வேலை செய்கிற இடம் சட்டத்தின் கண்ணில் தொழிற்சாலையாகத் தெரியாது.

நான் கேட்பது புதுசான விஷயம் ஒன்றும் இல்லை. திருப்பூரில் சாயப்பட்டறையில் ஒரு பாய்லர் வைக்க வேண்டுமானால், எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று பாய்லர் சட்டம் கேட்பதில்லை. 1923-ல் வந்த சட்டம், 2025-ல் அதையும் புதுப்பித்தார்கள், அப்போதும் அந்த அடிப்படை மாறவில்லை. பாய்லரைப் பதிவு செய்ய வேண்டும், நம்பரைப் பாய்லர் மேலேயே வெட்டி வைக்க வேண்டும், அதிகாரி வந்து பார்த்துச் சான்று கொடுக்க வேண்டும், காலம் முடிந்தால் மறுபடி சோதனை. ஏன்? வெடித்தால் ஆள் போகும் என்பதால். அங்கே ஆபத்து எந்த மெஷினில் இருக்கிறதோ அந்த மெஷினைத்தான் சட்டம் பிடித்தது. பவர் பிரஸ்ஸுக்கும் அதே மாதிரி ஒரு நம்பர், ஒரு சான்று, வருடத்துக்கு ஒரு தடவை கிளட்ச்சையும் பிரேக்கையும் கார்டையும் பிரித்துப் பார்த்து எழுதின தாள் வேண்டும். மூன்று பேர் இருக்கிற ஷெட்டாக இருந்தாலும் சரி, முன்னூறு பேர் கம்பெனியாக இருந்தாலும் சரி. பழைய சட்டத்தின் 85-ஆம் பிரிவு, 10 பேருக்குக் குறைவான இடத்தையும் தொழிற்சாலையாக அறிவிக்கும் அதிகாரத்தை மாநில அரசுக்குக் கொடுத்திருந்தது. ஆட்களை எண்ணுவது மட்டும் போதாது என்பது அதை எழுதியவர்களுக்கே தெரிந்திருக்கிறது.

கூடவே இன்னொன்று. பம்பு கம்பெனி, கார் பார்ட்ஸ் கம்பெனி எல்லாம் ஜாப் ஒர்க் கொடுக்கும்போது பீஸின் அளவை மைக்ரான் வரைக்கும் செக் பண்ணுகிறார்கள். துரு இருந்தால் லாட்டையே திருப்பி அனுப்புகிறார்கள். சான்று இல்லாத பிரஸ்ஸில் அடித்த பீஸை வாங்கக்கூடாது என்று அவர்கள் மேலும் சட்டம் ஒரு கடமையைப் போட வேண்டும். அந்த ஐந்து பைசா கணக்கு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஷெட் வைத்திருப்பவர்களும் ஆபரேட்டர்களும் இதைப் படித்தால், சட்டம் வருகிற வரைக்கும் காத்திருக்காமல் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. காலையில் டை ஏற்றுவதற்கு முன்னால், கையைத் தள்ளி வைத்துக்கொண்டு பெடலை ஒரு தடவை மிதித்துக் காலை எடுங்கள். ராம் மேலே போய்ச் சரியாக அதே இடத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். பத்துத் தடவை இப்படிப் பாருங்கள். ஒரே ஒரு தடவை தாண்டிப் போனாலும், மிதிக்காமல் இறங்கினாலும், மெயினை ஆஃப் பண்ணிவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். "பாத்துப் பதமா ஓட்டிக்கலாம்" என்று அந்த மெஷினில் யாரையும் உட்கார வைக்காதீர்கள்.

அப்படியும் விரல் துண்டாகிவிட்டால், துண்டை நேராக ஐஸில் போடாதீர்கள். சுத்தமான துணியை நனைத்துப் பிழிந்து சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் தண்ணீரில் வைத்து, ஆளோடு சேர்த்துக் கொண்டு போங்கள். துண்டான விரலை ஒட்டவைக்கிற கைதேர்ந்த டாக்டர்கள் நம் கோயமுத்தூரிலேயே இருக்கிறார்கள். கத்தியில் வெட்டுப்பட்ட விரலை ஒட்டவைக்க வாய்ப்பு அதிகம். பிரஸ்ஸில் நசுங்கியதை ஒட்டவைப்பது அவர்களுக்கும் கஷ்டம்.

என் பங்குக்கு நான் ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். கார்டு இல்லாத பிரஸ்ஸை இனி ரிப்பேர் பண்ணி ஓடுகிற நிலையில் கொடுப்பதில்லை. கார்டு அடித்து மாட்டியதும் சொல்லுங்கள், வந்து கிளட்ச்சைச் சேர்த்துவிட்டுப் போகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். சிலர் வேறு ஆளைக் கூப்பிட்டுக்கொண்டார்கள். சிலர் முனகிக்கொண்டே அடித்து மாட்டினார்கள். கார்டு அடிக்கத் தகடு வெட்டும் அளவு, சந்து எவ்வளவு விடலாம் என்கிற கணக்கு யாருக்காவது வேண்டுமென்றால் கீழே கேளுங்கள், உங்கள் டையின் அளவைச் சொன்னால் போட்டுத் தருகிறேன். இதற்குக் காசு வேண்டாம்.